மஞ்சள்: வலி, அழற்சி ஆய்வுகள்

மஞ்சள் இஞ்சிக் குடும்பத்துக் கிழங்குச் செடி. தாவரவியல் பெயர் குர்குமா லாங்கா. சுளுக்குக்குப் பற்றாகவும் சளிக்குப் பாலில் கலந்தும் தமிழர் பயன்படுத்தும் இக்கிழங்கை வலிக்கும் அழற்சிக்குமான மருந்தாக ஆய்வகங்கள் நெடுநாளாகச் சோதித்துவருகின்றன. 1815இல் அதன் நிறப்பொருளான குர்குமினைப் பிரித்தெடுத்தவர்கள் ஃபோகலும் பாரிஸ் மருந்தாளர் பெல்த்தியேவும்.

அழற்சிச் சோதனை பெரும்பாலும் எலியின் பின்னங்காலில் தொடங்குகிறது. கடற்பாசியிலிருந்து கிடைக்கும் கேராஜீனனைப் பாதத்தில் ஊசியால் செலுத்தினால் சில மணி நேரத்தில் கால் வீங்கும். முன்கூட்டியே மருந்து கொடுத்த எலிக்கு வீக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். வலிக்குச் சோதனை வேறு: சூடான தட்டில் விட்ட விலங்கு எவ்வளவு நேரம் கழித்துப் பாதத்தை நக்குகிறது அல்லது துள்ளுகிறது என்று பார்ப்பார்கள். 1973இல் லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்ரீமலும் தவனும் குர்குமினை இவ்வகை விலங்குச் சோதனைகளுக்கு உட்படுத்தினர். கேராஜீனன் வீக்கத்தில் அது ஃபீனைல்பியூட்டசோன் மருந்துக்கு இணையாக நின்றது. நாள்பட்ட அழற்சியில் பாதியளவே வேலை செய்தது. மூட்டுவலி நாள்பட்ட நோய் என்பதால் இரண்டாவது முடிவைத்தான் நாம் அதிகம் நினைவில் வைக்க வேண்டும்.

மனிதர்களில் முழங்கால் தேய்மானமே அதிகம் ஆராயப்பட்டது. 2014இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் 367 பேர் கலந்துகொண்டனர். நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சாரம், நான்கு வாரத்தில் 1200 மில்லிகிராம் ஐபுபுரோஃபென் அளவுக்கு வலியைக் குறைத்தது. வயிற்று உபாதையும் குறைவு. 2020இல் தாஸ்மேனியாவில் 70 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. வலி குறைந்தது, ஆனால் எம்ஆர்ஐ படத்தில் மூட்டு நீர் குறையவில்லை. வலி தணிந்ததாலேயே அழற்சியும் தணிந்தது என்று கொள்ள முடியாது.

குர்குமின் குடலிலிருந்து இரத்தத்துக்கு எளிதில் செல்வதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது மனித உடலில் அது கிடைக்கும் அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்ததை 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினர். மாத்திரை செய்வோர் இதைப் பற்றிக்கொண்டார்கள். ஆபத்தும் இங்கேதான் கூடுகிறது. 2022இல் பிரான்சின் உணவுப் பாதுகாப்பு முகமையான ஆன்செஸ், மஞ்சள் சார்ந்த துணை உணவுகளால் ஏற்பட்டிருக்கக்கூடிய பாதிப்புகள் பற்றி நூற்றுக்கு மேற்பட்ட அறிக்கைகள் வந்ததாகவும், அவற்றில் 15 கல்லீரல் அழற்சி என்றும் எச்சரித்தது. துணை உணவில் நாளுக்கு 153 மில்லிகிராம் குர்குமினைத் தாண்ட வேண்டாம் என்றது.

பாரிஸின் லா சப்பல் பகுதியிலுள்ள ஃபோபூர் சான்-தெனி தெருத் தமிழ்க் கடையில் வாங்கும் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். கறியில் போடும் ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 3 கிராம் தூள், 90 மில்லிகிராமே தரும். அதையும் பலர் பகிர்ந்து உண்கிறார்கள். அதே பகுதி மருந்தகத்தில் விற்கும் செறிவூட்டிய மாத்திரை வேறு பொருள். பித்தநாள நோய் உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.