கடைத்தெருக் கூலியும் ஊர்க் கணக்கும்



போன முகூர்த்த நாளில் பேத்தியோடு நம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகள் பக்கம் போனேன். நடக்க இடமில்லை, எங்கும் வண்டிகள். "இதை யார் தாத்தா சரி பண்ணணும்?" என்றாள்.

கனடாவின் டொராண்டோவில், ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைக்காரர்கள் 1970-இல் ஒரு வழி கண்டார்கள். வணிக வளாகங்களும் சுரங்க ரயிலும் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்ட நேரம். அந்தத் தெருக் கடைகள் எல்லாம் கட்டாயமாகக் கூடுதல் வரி கட்டின. மாநகராட்சி வசூலித்து அவர்கள் சங்கத்திடமே கொடுத்தது. அந்தப் பணம் அதே தெருவை அழகுபடுத்தவே செலவானது.

நம் ஊருக்கு இது முழுக்கப் புதிதல்ல. 10-ஆம் நூற்றாண்டு உத்தம சோழன் செப்பேடு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கச்சிப்பேட்டில், அதாவது நம் காஞ்சியில், எடை போட வாங்கிய கோல்நிறைகூலியும் தானியம் அளக்க வாங்கிய கால்அளவுகூலியும் ஊரகம் கோயிலுக்கு ஒதுக்கப்பட்டன. இன்றைய உலகளந்த பெருமாள் கோயில்தான் அது. கோயில் காரியம் பார்த்தவர்கள் நெசவாளர் சேரியார். கணக்கைத் தணிக்கை செய்தவர்கள் மாநகரத்தார்.

அது கோயிலுக்கு, இது தெருவுக்கு. ஆனாலும் சந்தையில் வந்த காசு ஊரிலேயே செலவாகி, ஊரார் முன் கணக்கானது.

டொராண்டோ முறையில் வரி கட்டுபவர்களுக்கே பேச்சு. காந்தி ரோட்டுக்கு அப்படியொன்று வந்தால், பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரருக்கும் அந்தக் கூட்டத்தில் இடம் வேண்டும். அவர் நெய்யாவிட்டால் கடையில் விற்கச் சேலை ஏது?

கடை வைத்திருக்கும் என் மாணவர்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?