கடல்வழி வந்த காடு – 14: மரம் போனது, மில் போனது, யானை நின்றது

அந்தமானில் மர மில்கள் கடலோரத்தில்தான் எழுந்தன. மில்லுக்கு இடம் தேடியவர்கள் ஊரைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை, கழிமுகத்தைத்தான் பார்த்தார்கள். வெட்டிய கட்டை எங்கே தண்ணீரில் இறங்கும், கப்பல் எவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டு ரம்பத்தை நிறுத்தினார்கள். ரம்பத்தைச் சுற்றிக் கூலி லயன்கள் வந்தன, பின்னாலேயே கடையும் கோயிலும் பள்ளிக்கூடமும் வந்தன. கட்டை வருவது நின்றபோது ஊரும் கலைந்தது. இன்றைக்கு அந்த இடங்களில் பலவற்றைப் பார்க்க வேண்டுமென்றால், கட்டை போன அதே நீர்வழியில்தான் படகில் போக வேண்டும்.

1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் வந்தது, 1858-இல் டாக்டர் வாக்கர் கைதிகளோடு இறங்கியது, ராஸ் தீவு தலைநகரானது எல்லாம் முந்தைய வாரங்களில் வந்துவிட்டன. எனவே நேரே 1883.

அந்த ஆண்டில்தான் அந்தமானில் வனத்துறை தொடங்கியது. சாத்தம் தீவின் சா மில்லும் அதே ஆண்டுக் கணக்குதான். போர்ட் பிளேர் துறைமுகத்துக்குள் கிடக்கும் துண்டுத் தீவு சாத்தம். ஒரு சின்னப் பாலம் கடந்தால் ஊர். மறுபக்கம் ஆழமான கடல். கட்டை ஒரு பக்கம் நீரில் வந்து சேரும், அறுத்த பலகை மறுபக்கம் கப்பலேறும். மரம் வெட்டவும் இழுக்கவும் கைதிகள் இருந்தார்கள். கூலி மிச்சம் என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் மூலதனம். மில்லின் பெருமை பேசும் நூல்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவது நியாயமில்லை.

மில்லை வாழவைத்தது படாக். இயற்கையாக அந்தமான் தீவுகளில் மட்டுமே வளரும் மரம். நம் ஊர் வேங்கைக்கும் ஆந்திர மலைகளின் செஞ்சந்தனத்துக்கும் ஒன்றுவிட்ட உறவு. அறுத்த புதிதில் குங்குமச் சிவப்பு, நாள்பட்டால் பழுப்பு. கரையான் எளிதில் தொடாது, வெயிலுக்கும் மழைக்கும் அதிகம் வளையாது. அமெரிக்க ரயில் பெட்டிகளின் உள்வேலைக்கு இது போனது. அங்கே வியாபாரிகள் நிறத்தை வைத்தே இதற்கு 'வெர்மிலியன்' என்று பெயர் சூட்டினார்கள். படாக்குக்கு அடுத்தபடியாகக் குர்ஜன், கோக்கோ, சுக்லம், கருப்புக் கோடு ஓடும் மார்பிள் மரம் என்று ஒரு பட்டியலே இருந்தது.

பெரிய சந்தை லண்டன். 1924 ஏப்ரல் 23 அன்று வெம்ப்ளியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சியைத் திறந்துவைத்தார். இரண்டு பருவங்களில் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் பார்த்த அந்தத் திருவிழாவின் நோக்கம் ஒன்றுதான்: காலனிகளில் என்னென்ன கிடைக்கும் என்று கடை விரிப்பது. இந்திய அரங்கில் காட்டு மரங்களுக்கும் இடம் இருந்தது. கண்காட்சிக்கு முந்தைய ஆண்டு, 1923-இல், வேன்டன் பிளாஸ் என்ற கார் பாடி கட்டும் பட்டறை வெம்ப்ளிக்குப் பக்கத்துக் கிங்ஸ்பரிக்கு வந்து, மரச் சட்டத்தின் மேல் பென்ட்லி கார்களுக்கு உடல் கட்டியது. நல்ல மரத்துக்குக் கிராக்கி இருந்த காலம் அது.

அந்தக் கிராக்கிக்குச் சாத்தம் போதவில்லை. முதல் உலகப் போர் முடிந்த கையோடு வனத்துறை வட அந்தமானுக்குப் போய், பானிங்டனில் இன்னொரு மில் வைத்தது. கைதிகளை நம்பி நடத்தும் காலம் முடிந்துகொண்டிருந்ததால் வெளியூர் ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1918 முதல் சோட்டா நாக்பூர் பழங்குடியினரைக் கத்தோலிக்கப் பாதிரிமார் வழியாக ராஞ்சியில் திரட்டி அனுப்பினார்கள். ஓராவ், முண்டா, கடியா என்று எந்தக் குலமானாலும் அந்தமானில் எல்லாருக்கும் ஒரே பெயர், 'ராஞ்சி'. 1925-இல் பர்மாவிலிருந்து கரேன் குடும்பங்கள் வந்து மாயாபந்தர் பக்கம் வெபி கிராமத்தில் குடியேறின. காட்டுவேலையும் யானைவேலையும் அவர்களுக்குக் கைவந்த கலை.

வேலை நடந்த விதம் இதுதான். காட்டுக்குள் மரத்தைச் சாய்த்துக் கிளை கழித்ததும், யானை சங்கிலி பூட்டி டிராம் தண்டவாளம் வரை இழுத்துவரும். தள்ளுவண்டி கட்டையைக் கழியோரம் சேர்க்கும். கடல் ஏறும் நேரம் பார்த்து அலையாத்திக் காட்டுக்கு நடுவே தண்ணீரில் தள்ளுவார்கள். எல்லா மரமும் மிதக்காது. மூழ்கும் ஜாதியை மிதக்கும் ஜாதியோடு சேர்த்துக் கட்டித் தெப்பமாக்குவார்கள். நீராவிப் படகு அந்தத் தெப்பத்தை மில்லுக்கு இழுத்துப் போகும். வற்றம் வந்துவிட்டால் கட்டை சேற்றில் உட்கார்ந்துவிடும். அடுத்த ஏற்றம் வரை யாராலும் அசைக்க முடியாது. மேலதிகாரி போர்ட் பிளேரில் இருக்கலாம், மேஸ்திரிக்கு உத்தரவு போட்டது கடல்தான்.

பானிங்டன் நீடிக்கவில்லை. உலகப் பொருளாதாரம் சரிந்த 1930-களின் தொடக்கத்தில் மில் மூடப்பட்டது. ராஞ்சிகளும் கரேன்களும் போகவில்லை. மில்லைவிட அவர்கள் நீண்டநாள் தாக்குப்பிடித்தார்கள்.

அடுத்த அடி போரில் விழுந்தது. 1942 மார்ச் மாதம் ஜப்பானிய விமானங்கள் சாத்தத்தில் குண்டு போட்டன. மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. மில் வளாகத்தில் அந்தக் குண்டுக்குழியை இன்றும் பலகை வைத்துக் காட்டுகிறார்கள். போர் முடிந்து 1946-இல் ரம்பம் மறுபடி ஓடத் தொடங்கியது.

சுதந்திர இந்தியா வந்ததும் காட்டுக்கு ஓய்வு கிடைத்திருக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். வெள்ளைக்காரர்கள் கைவிட்ட வட அந்தமானை 1951-இல் அரசு ஒரு கல்கத்தா நிறுவனத்துக்கு 25 வருட உரிமத்தில் கொடுத்தது. மாயாபந்தர் மீண்டும் மர ஊரானது. தீக்குச்சிக்கும் பிளைவுட்டுக்கும் தொழிற்சாலைகள் வந்தன. மத்திய அந்தமானுக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் பிளைவுட் தொழிற்சாலையை நம்பி ஒரு ஊரே எழுந்தது. 1977-இல் காடு மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகம் என்ற அரசு நிறுவனம் பிறந்து, லிட்டில் அந்தமானில் ஓங்கிப் பழங்குடியினரின் காட்டுக்குள்ளும் கோடரியோடு நுழைந்தது. இந்தக் கதையில் வில்லன் வேண்டுமென்றால் மரம் வெட்டிய கூலியைக் காட்டக் கூடாது. வரைபடத்தில் விரல் வைத்து உரிமம் எழுதிய கையைத்தான் காட்ட வேண்டும்.

நாயகன் யார் என்பதில் சந்தேகமே இல்லை. யானைதான்.

அந்தமானில் யானை இயற்கையாகக் கிடையாது. ஒவ்வொன்றும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது. கப்பலில் நாட்கணக்கில் நின்று, கரை இறங்கிய கையோடு சங்கிலிக்குக் கழுத்தைக் கொடுத்த பிராணி. டன் கணக்கில் கனக்கும் குர்ஜன் கட்டையைச் சரிவில் இழுத்து வரும்போது, கட்டை பின்னால் உருண்டு வந்து காலில் மோதாமல் ஒதுங்கத் தெரிந்திருக்க வேண்டும். எந்த இயந்திரமும் ஏற முடியாத மழைக்காட்டுச் சேற்றில் அது ஏறியது. ஒரு தீவில் வெட்டு முடிந்தால் அடுத்த தீவுக்குப் போக வேண்டுமே! பல நேரம் படகு கிடையாது, நீந்த வைத்தார்கள். உடல் முழுக்க நீருக்குள், தும்பிக்கை நுனி மட்டும் வெளியே. பாகன் இடுப்பளவு நீரில் பிடரியில் உட்கார்ந்து வழி சொல்வான். நாலு கால்களும் நீருக்கு அடியில் நடப்பதுபோலவே மாறிமாறி அசையும்.

மாயாபந்தருக்கு மேற்கே இன்டர்வியூ தீவு. அங்கே வேலை எடுத்த ஒப்பந்தக்காரரின் தொழில் நொடித்தது. யானைகளைத் திருப்பி அனுப்பக் கப்பல் வாடகை யார் கொடுப்பது? 1962-இல் சுமார் 40 யானைகளை அப்படியே காட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அவை செத்துப்போகவில்லை. குட்டி போட்டன, பெருகின, மனிதக் குரலுக்கு அடங்காத காட்டு யானைகளாயின. பின்னாளில் அங்கே ஆய்வு செய்தவர்களில் சூழலியலாளர் ரவூஃப் அலி முக்கியமானவர். யானை பட்டை உரித்த மரங்கள் பட்டுப்போவதையும், யானையை அறியாத அந்தத் தீவுக்காடு அந்தப் பசியைத் தாங்கத் திணறியதையும் அவர் எழுதினார். நாயகன் காட்டை அழித்தான் என்பது கேட்கக் கசப்பான செய்தி. ஆனால் அழைத்து வந்தவன் கணக்கு முடிக்காமல் போனதற்கு, கைவிடப்பட்டவனைக் குற்றம் சொல்வது முறையல்ல.

இந்தப் பரம்பரையின் கடைசிப் புகழ் ராஜனுக்கு. மரம் இழுக்க அந்தமானுக்கு வந்த கொம்பன். தொழில் நின்ற பிறகு ஹேவ்லாக் தீவில் ஒரு விடுதியின் பராமரிப்பில் வாழ்ந்தது. ராதாநகர் கடற்கரைக் காட்டிலிருந்து பாகனோடு இறங்கி வந்து நீந்தும். உலகெங்கும் இருந்து முக்குளிப்பவர்கள் படம் எடுக்க வந்தார்கள். தர்செம் சிங் இயக்கிய 'தி ஃபால்' என்ற 2006-ஆம் வருடப் படத்தில் கடலில் நீந்தும் யானை அதுதான். 2016 ஆகஸ்ட் 1 அன்று இறந்தபோது ராஜனுக்கு வயது 66 சொன்னார்கள். வேலைக்காகக் கற்றுக்கொண்ட நீச்சலை, வேலை போன பிறகும் விடாத ஜீவன்.

யானை நுழைந்தால் இடம் மிஞ்சுமா? இந்த வாரத்துக்கு என்று வைத்திருந்த திருப்பத்தைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. மில்களை மூடிய வழக்கு அந்தமானில் தொடங்கவில்லை, நீலகிரியில் தொடங்கியது. கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த ஒரு வழக்கு கிளைவிட்டு இந்தியக் காடுகள் முழுவதையும் தன் நிழலுக்குள் கொண்டுவந்தது. அதே வழக்கில் அந்தமான் சூழல் அமைப்புகளும் மனுப் போட, 2001-இல் ஷேகர் சிங் தலைமையில் ஆணையம் அமைந்தது. 2002 மே 7 அன்று உத்தரவு வந்தது: பழங்குடிக் காப்பகங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் இயற்கை மரத்தில் கைவைக்கக் கூடாது, மற்றக் காட்டிலும் தீவு மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும், மெயின்லேண்டுக்கு மரம் ஏற்றக் கூடாது. ஏற்றுமதிக்காகவே பிறந்த ஒரு தொழிலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

லாங் ஐலண்டில் தொழிற்சாலை ஓய்ந்ததும் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போர்ட் பிளேருக்கும் ரங்கத்துக்கும் நகர்ந்தன. வனக் கழகம் நஷ்டத்தில் தள்ளாடி 2017-இல் மூடப்பட்டது. சாத்தம் மட்டும் உள்ளூர்த் தேவைக்கு அறுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு வன அருங்காட்சியகத்தோடு பிழைத்திருக்கிறது. இது அந்தமானுக்கு மட்டுமான கதையல்ல. கனடாவின் பசிபிக் கரையில் ஓஷன் ஃபால்ஸ் என்ற காகித மில் ஊர் 1980-இல் மில் மூடியதும் காலியானது. அங்கேயும் ரோடு கிடையாது, கடல்தான் வழி. ஒரே சரக்குக்காகக் கடலோரத்தில் கட்டிய ஊர் எந்த நாட்டில் இருந்தாலும் அதன் ஜாதகம் ஒன்றுதான்.

இந்த இடங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழி இப்படி. லாங் ஐலண்டுக்கு ரங்கத்தை அடுத்த ஏரட்டா ஜெட்டியிலிருந்து அரசுப் படகு உண்டு. இன்டர்வியூ தீவு வனவிலங்குச் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. மாயாபந்தரிலிருந்து டுங்கி பிடித்தால், படகுக்காரர் முதலில் கேட்பது நேரத்தை அல்ல, ஏற்ற வற்றத்தை. 2004 டிசம்பர் 26 பூகம்பம் அந்தமானையே சாய்த்துப் போட்டது: வடக்கு மேலே எழும்பியது, தெற்கு கீழே இறங்கியது. அதனால் இன்டர்வியூ தீவோரம் முன்பு நீருக்குள் இருந்த பவளப்பாறை வெளியே வந்து வெளுத்தது. போர்ட் பிளேர் பக்கம் தாழ்வான நிலங்களுக்குள் கடல் புகுந்தது. பழைய வரைபடத்தை நம்பிக் கரை ஒதுங்க நினைத்தால் வடக்கே படகு தட்டும். கழிகளில் உப்புநீர் முதலை உண்டு. கட்டை மாதிரி கிடப்பதெல்லாம் கட்டை அல்ல. ஜாரவா பழங்குடிக் காப்பகத்துக் கரையில் எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது. அது சட்டம், மரத்துக்காக அவர்கள் எல்லைக்குள் வெட்டுமுகாம் போட்டுப் பகை வளர்த்த வரலாறு தெரிந்தவர்களுக்கு அது நியாயமும்கூட.

கூடலூர் வழக்கு எப்படிக் கடல் தாண்டியது, நீதிமன்றத்தில் யார் யார் என்ன சொன்னார்கள் என்பது அடுத்த வாரம். அதில் யானை வராது.