அப்புக்காத்துமார் ஊரில் கடைசியாய் வந்த துறை

யாழ்ப்பாணத்தில் கலியாணமான ஒரு பெண் காணி விற்கவென்று நொத்தாரிசின் கந்தோருக்குத் தனியே போனால், உறுதியை விரிக்குமுன் வரும் முதற்கேள்வி: "அவர் வரேல்லையோ பிள்ளை?" காணி அவளுடைய சீதனம். தாய் எழுதிக் கொடுத்தது. வேலிக் கதியால் எத்தனை, தென்னை எத்தனை என்று அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவள் விற்க முடியாது. 1911ஆம் ஆண்டு வந்த யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. தேசவழமைக்கு உட்படாத தென்னிலங்கைப் பெண்ணிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

தேசவழமை என்று தனக்கென ஒரு சட்டம் வைத்திருக்கும் ஊர் இது. ஒல்லாந்தர் காலத்தில், ஆளுநர் சீமோன்ஸின் கட்டளைப்படி திசாவை கிளாஸ் ஈசாக்ஸ் ஊர் வழக்கங்களைத் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். 12 முதலிமார் அதைப் பார்த்துச் சரியென்றார்கள். பிரித்தானியர் 1806இல் அதையே சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். முதுசம், சீதனம், தேடிய தேட்டம், ஒற்றி என்று நாங்கள் குசினியில் இருந்து சண்டை பிடிக்கும் சொற்களெல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒரு முழத்துக்கும் குறைவான எல்லைக்காக மூன்று தலைமுறை கோடேறிய குடும்பங்களைத் தெரியாதவர் குடாநாட்டில் இருக்க மாட்டார். வழக்கறிஞரைக் குறித்த அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற சொற்கள் பாடப்புத்தகத்தில் இருந்து போய்விட்டாலும் கிழவர் வாயிலிருந்து போகவில்லை.

இப்படிப்பட்ட ஊரின் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சட்டத்துறை வர, அது பிறந்து முப்பது வருடத்துக்கு மேல் சென்றது. அந்தத் தாமதத்தின் வேர் பல்கலைக்கழகம் பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

சட்டம் படிக்க வெளியே போவது இங்கே பழைய பழக்கம். வட்டுக்கோட்டை செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரானார். பிறகு சட்டமும் அங்கேயே படித்து, புதுக்கோட்டையில் நீதிபதியானார். பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்தவர் என்று நாம் கும்பிடும் மனிதருக்குக் கடைசியில் வாய்த்த உத்தியோகம் அதுதான். 1874இல் கொழும்பில் சட்டக்கல்லூரி வந்தபின், கடல் தாண்டத் தேவையில்லை, புதுக்கடைக்குப் போனால் போதும் என்றாயிற்று. 1947இல் இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டத்துறை தொடங்கியது. அது கொழும்பில் பிறந்து, பேராதனைக்குப் போய், 1965இல் கொழும்புக்கே திரும்பியது. வடக்கே வர அதற்கு வழி தெரியவில்லை.

இனிக் கட்டிடத்தின் கதை. திருநெல்வேலியில் இன்று பல்கலைக்கழகம் நிற்கிற வளவு 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கிய பரமேசுவராக் கல்லூரி. இராமநாதன் ஒரு சட்டத்தரணி. சொலிசிட்டர் ஜெனரலாகப் பல வருடம் இருந்தவர். அவருடைய கல்லூரி பின்னாளில் பல்கலைக்கழகமானபோது, அவர் பிழைத்த தொழிலை மட்டும் அங்கே படிப்பிக்க ஆளில்லை.

1956க்குப் பிறகு தமிழருக்கு ஒரு பல்கலைக்கழகம் என்ற கோரிக்கை பலமாக எழுந்தது. எங்கே வைப்பது என்பதில்தான் பிரச்சினை. தமிழரசுக் கட்சி திருகோணமலை என்றது. வடக்கையும் கிழக்கையும் பொருத்துகிற ஆணி அந்த ஊர், அங்கே பல்கலைக்கழகம் வந்தால் மண்ணும் நிலைக்கும் என்பது அவர்கள் கணக்கு. மறுபக்கம், யாழ்ப்பாணத்திலேயே வேண்டும், இந்துப் பல்கலைக்கழகமாக வேண்டும் என்று வேறு சிலர் நின்றார்கள். இரண்டு பக்கத்திலும் தலைமை தாங்கியவர்கள் பெரும்பாலும் சட்டத்தரணிகள்தான், வாதத்துக்கா பஞ்சம்? 1965இல் தமிழரசுக் கட்சி டட்லி சேனநாயக்கவின் அரசோடு சேர்ந்தது. மு. திருச்செல்வம் அமைச்சராகவும் இருந்தார். அப்போதும் பல்கலைக்கழகம் வரவில்லை. எங்களுக்குள்ளேயே முடிவில்லை என்று கொழும்பு கையைக் கழுவிக்கொள்ள இதைவிட வசதியான சண்டை கிடைத்திராது.

பிறகு பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல். பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 227 புள்ளி போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். மருத்துவத்துக்கு 229, 250. அந்த எண்கள் வெளிவந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள் இன்றைக்கும் அவற்றைத் தங்கள் பிறந்த திகதிபோலச் சொல்வார்கள். 1974 தையில் யாழ்ப்பாணத்தில் நடந்த தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி இரவில் உயிர்கள் போயின. அதே வருடம் ஐப்பசி 6ஆம் திகதி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க வந்து யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்துவைத்தார். தமிழரசுக் கட்சியும் சேர்ந்திருந்த தமிழர் கூட்டணி புறக்கணித்தது. திருகோணமலையை மறக்கச் செய்யும் தந்திரம் என்றது. அதில் பொய்யில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் தந்திரமாக வந்த பிள்ளையும் பிள்ளைதானே.

அந்த வளாகத்தின் இடத்தெரிவில் ஒரு சின்னச் சங்கதி உண்டு. கலைப்பிரிவு திருநெல்வேலியில், அதாவது நல்லூர்த் தொகுதியில். விஞ்ஞானப் பிரிவு வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பகுதியில். 1970 தேர்தலில் தமிழ்க் காங்கிரஸில் வென்று அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்த இரண்டு உறுப்பினர்கள் யார்? நல்லூர் அருளம்பலம், வட்டுக்கோட்டை தியாகராசா. தற்செயல் என்று சொல்பவர் சொல்லட்டும்.

முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. அது தனிப் பல்கலைக்கழகமல்ல, நாட்டின் ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம், ஆங்கிலத்தில் கம்பஸ். 1979 தை முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாகி, பேராசிரியர் சு. வித்தியானந்தன் துணைவேந்தராகியும் சனத்தின் வாயில் அது கம்பஸ்தான். "மகள் கம்பசில படிக்கிறா" என்றுதான் இன்றைக்கும் அம்மாமார் சொல்கிறார்கள்.

மருத்துவம் 1978இலேயே வந்தது. விவசாயம் பின்னால் வந்தது. சட்டம் வரவில்லை. 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டப்படி, புதுத்துறை ஒன்று திறக்கக் கொழும்பில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இணங்க வேண்டும், அமைச்சரின் வர்த்தமானி வர வேண்டும். எத்தனை மாணவர் என்பதையும் அங்கேதான் தீர்மானிப்பார்கள். திருநெல்வேலியில் கூடும் பேரவை கேட்கலாம், வைக்க முடியாது. 1983 கலவரத்துக்குப் பிறகு கொழும்புக்குப் படிக்க அனுப்பவும் பெற்றாருக்குப் பயம். தொண்ணூறுகளில் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் தாண்டித்தான் சட்டக்கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1993இல் விடுதலைப் புலிகள் தங்கள் நீதிமன்றங்களைத் திறந்து, அவற்றுக்கு ஆள் எடுக்கத் தமிழீழச் சட்டக்கல்லூரி ஒன்றும் வைத்தார்கள். நாட்டின் அரசு தராத படிப்பை, அந்த அரசை ஏற்காதவர்கள் தங்கள் சட்டத்துக்காகப் படிப்பித்தார்கள். வழக்குப் பிரியரான எங்கள் சனம் அந்தக் கோட்டுக்கும் காணி வழக்குக் கொண்டுபோனது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறைக்கு முதல் தொகுதி மாணவர் வந்து இருந்தது போர் முடிந்தபிறகுதான். தனிப் பீடமாக அல்ல, கலைப்பீடத்துக்குள் ஒரு துறையாக. தமிழும் வரலாறும் புவியியலும் இருந்த வரிசையில் கடைக்குட்டி. சொந்த மண்ணின் தேசவழமையை, நொத்தாரிசு கேட்கும் அந்தக் கேள்வி சரிதானா என்பதை, அது பிறந்த ஊரிலேயே இருந்து படிக்கிற முதற் பெண் பிள்ளைகள் அந்த வகுப்புகளில் இருந்தார்கள்.

துறை பிறந்தாலும் அது கோட்டு வாசல் தாண்டுவது வேறு விஷயம் என்பது பிறகு தெரிந்தது. 1996இல் நாவற்குழியில் இராணுவம் பிடித்துக்கொண்டுபோன இளைஞர்கள் திரும்பி வரவில்லை. 21 வருடம் கழித்து, 2017இல், யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் உறவினர்கள் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். அவர்களுக்காக எழுந்து நின்றவர்களில் ஒருவர் சட்டத்துறைத் தலைவராக இருந்த குமாரவடிவேல் குருபரன். அதற்குப் பின் இராணுவம் மானியங்கள் ஆணைக்குழுவைக் கேட்டது: ஒரு விரிவுரையாளர் எப்படி வழக்குப் பேசலாம்? ஆணைக்குழு பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. 2019இல் பேரவை அவர் வழக்காடத் தடை போட்டது. மருத்துவ பீட விரிவுரையாளர்கள் பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரிகளில் நோயாளர் பார்ப்பதை யாழ்ப்பாணத்தில் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. சத்திரசிகிச்சை செய்யாத வைத்தியர் சத்திரசிகிச்சை படிப்பிக்கலாமா என்றும் யாரும் கேட்பதில்லை.

குருபரன் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார். 2020 ஆடியில் விரிவுரையாளர் பதவியை விட்டார். கறுப்பு அங்கியை வைத்துக்கொண்டார்.