கைக்குள் அடங்கிய கணக்கு மெஷின்

போன சந்திப்பில், மதியச் சாப்பாடு முடிந்து பேசிக் கொண்டிருந்தபோது, 1971 பேட்ச் சீனியர் ஒருவர் பையிலிருந்து ஒரு ஸ்லைடு ரூலை எடுத்துக் காட்டினார். எங்க பேட்ச் பசங்க அதை ஏதோ ஸ்கேல் என்று நினைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். "தம்பி, இதுல பெருக்கல் வகுத்தல்தான், கூட்டல் வராது. மூணு இலக்கம் சரியா வந்தாலே பெருசு" என்றார். அப்படியானால் பத்துப் பதினோரு இலக்கம் துல்லியமாக வேண்டுமென்றால்? மேஜையை அடைக்கிற மெஷின்தானா? இதைத் தேடிப் போனபோது தெரிந்து கொண்டதுதான் 'குர்ட்டா'வின் கதை.

குர்ட்டா ஒரு சின்ன உருளை. உயரம் 85 மில்லிமீட்டர், எடை கால் கிலோவுக்கும் குறைவு. உள்ளே சுமார் 600 பாகங்கள். மின்சாரம், பேட்டரி எதுவும் கிடையாது. பக்கவாட்டுக் குமிழ்களைத் தள்ளி எண்ணை வைத்து, தலையில் உள்ள கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கூட்டல். 347-ஐ 23-ஆல் பெருக்க 23 சுற்று வேண்டியதில்லை. மூன்று சுற்று, மேல்பகுதியைத் தூக்கி ஓர் இடம் நகர்த்தி இன்னும் இரண்டு சுற்று. 7981 வந்து நிற்கும். பார்ப்பதற்கு மிளகு அரைக்கும் மெஷின் போலவே இருக்கும். அதுவே அதன் செல்லப்பெயரும் ஆயிற்று!

கழித்தலில்தான் வித்தையே இருக்கிறது. பற்சக்கரங்களைப் பின்பக்கம் சுற்றவிட்டால் இத்தனை சின்ன இடத்தில் அடங்காது. ஆகவே, கைப்பிடியைக் கொஞ்சம் மேலே இழுத்துச் சுற்றினால், எண்ணுக்குப் பதில் அதன் ஒன்பதின் நிரப்பி கூட்டப்படும். டிஜிட்டல் வகுப்பில் நாமெல்லாம் தூங்கி வழிந்துகொண்டே கேட்ட அதே காம்ப்ளிமென்ட் சமாசாரம்! இங்கே அது உலோகப் பல்லில் இருக்கிறது.

இதை வடிவமைத்தவர் வியன்னாக்காரர் குர்ட் ஹெர்ஸ்ஸ்டார்க். 1902-இல் பிறந்தவர். குடும்பத் தொழிலே கணக்கு மெஷின் செய்வது. 1938-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதே வருடம் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. தொழிற்சாலை ராணுவத்துக்கு அளவுக் கருவிகள் செய்ய வேண்டியதாயிற்று. அப்பா யூதர். 1943-இல் ஹெர்ஸ்ஸ்டார்க் கைதாகி, புக்கன்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். சுமார் 56,000 பேர் செத்துப்போன இடம் அது.

முகாமை ஒட்டிய தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அவருடைய மெஷினைப் பற்றி அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. வரைந்து கொடு, வெற்றிக்குப் பிறகு ஹிட்லருக்குப் பரிசாகத் தரலாம் என்றார்களாம். வேலை நேரம் போக, ஞாபகத்திலிருந்து பென்சிலால் வரைந்தார். உயிரைப் பிடித்து வைத்திருக்க அந்த வரைபடம் ஒரு காரணம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாம டிராயிங் ஷீட்டில் சென்டர் லைனை விட்டுவிட்டு மார்க் போச்சே என்று புலம்பியதெல்லாம் நினைவுக்கு வந்து கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது எனக்கு.

1945 ஏப்ரல் 11 அன்று முகாம் விடுதலையானது. வரைபடங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவருக்குச் சில மாதங்களிலேயே மாதிரி மெஷின்கள் தயாராகிவிட்டன. லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாடு இடம் கொடுத்தது. 1940-களின் கடைசியில் விற்பனை தொடங்கியது. பணம் போட்டவர்கள் பிறகு அவரை ஓரங்கட்டப் பார்த்தார்கள். காப்புரிமை அவர் பெயரிலேயே இருந்ததால் பிழைத்தார். (பேட்டன்ட் வகுப்புக்கு கட் அடிக்கும் தம்பிகள் கவனிக்க!)

மொத்தம் சுமார் 1,40,000 குர்ட்டாக்கள் வந்தன. குலுங்கும் காரில் கையால் தடவியே கணக்குப் போடலாம் என்பதால் ராலிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. எலக்ட்ரானிக் கால்குலேட்டர் வந்ததும் 1970-களின் தொடக்கத்தில் கதை முடிந்தது. ஸ்லைடு ரூலை வீட்டுக்கு அனுப்பிய ஹெச்.பி.-35 வந்தது 1972-இல். ஹெர்ஸ்ஸ்டார்க் 1988 வரை இருந்தார்.

சீனியர் அண்ணனுக்கு ஒரு கடைசிச் சேதி. குர்ட்டாவில் வர்க்கமூலமும் எடுக்கலாம். 16-இலிருந்து 1, 3, 5, 7 என்று ஒற்றை எண்களை வரிசையாகக் கழித்துப் பாருங்கள். பூஜ்ஜியம் வர எத்தனை சுற்று? அதுதான் விடை. இந்தத் தடவையும் ஸ்லைடு ரூலைக் கொண்டு வாருங்கள் அண்ணா, போட்டி வைத்துப் பார்க்கலாம்.