குடல் அழற்சி நோய்க்கு இஞ்சி மருந்தாகுமா? ஆய்வுகள் கூறுவது என்ன?

வயிறு சரியில்லை என்றால் இஞ்சிச் சாறோ சுக்குக் கஷாயமோ அருந்துவது இந்தியக் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். குமட்டலைத் தணிப்பதில் இஞ்சியின் பயனுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஆனால், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் குடல் அழற்சி நோய்க்கும் அதே கைமருந்து போதும் என்ற நம்பிக்கைக்கு அத்தகைய சான்று இல்லை.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன் நோய் ஆகியவை இந்நோயின் இரு முக்கிய வகைகள். முன்னது பெருங்குடலின் உட்சுவரில் புண்களை உண்டாக்கும். பின்னது வாய் முதல் ஆசனவாய் வரை செரிமானப் பாதையில் எங்கும் தோன்றலாம். தொடர் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், எடைக் குறைவு ஆகியவை அறிகுறிகள்.

இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற சேர்மம். இஞ்சி உலர்ந்து சுக்காகும்போது அதன் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. இவ்விரண்டும் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்துவது ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்துள்ளது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இஞ்சியிலிருந்து பிரித்தெடுத்த நானோ துகள்களை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது குடல் அழற்சி தணிந்ததாக 2016-இல் தெரிவித்தனர். நம்பிக்கையூட்டும் முடிவுதான். எனினும், ஆய்வகத்தில் பிரித்த அத்துகள்களும் வீட்டில் காய்ச்சும் இஞ்சித் தேநீரும் ஒன்றல்ல.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் மிகச் சில. ஈரானிய ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், லேசானது முதல் மிதமானது வரையிலான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பாதிப்புடைய 46 பேர் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 2 கிராம் சுக்குப் பொடியை 12 வாரங்கள் உட்கொண்டவர்களுக்கு, மருந்தற்ற போலி மாத்திரை பெற்றவர்களைவிட நோயின் தீவிரம் குறைந்திருந்தது. ஆயினும், இவ்வளவு சிறிய ஆய்வைக் கொண்டு சிகிச்சை முறையை வகுக்க இயலாது.

இஞ்சியை நம்பி மெசலமைன் போன்ற மருந்துகளை நிறுத்துவதே பெரும் ஆபத்து. அறிகுறிகள் அடங்கியிருந்தாலும், மருந்தை நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கலாம். பெருங்குடலில் அழற்சி பல்லாண்டுகள் நீடித்தால் புற்றுநோய் அபாயமும் உயரும்.

இந்தியாவில் மற்றொரு சிக்கலும் உள்ளது. குடல் காசநோயின் அறிகுறிகள் குரோன் நோயை ஒத்திருப்பதால், இரண்டையும் பிரித்தறிவது மருத்துவர்களுக்கே எளிதல்ல. காசநோய்க்கான சிகிச்சையோ முற்றிலும் வேறு. எனவே, மலத்தில் ரத்தம் தென்பட்டால் கைமருந்தில் நாள் கடத்தாமல் கொலோனோஸ்கோபி தேவையா என மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

உணவில் சேர்க்கும் அளவு இஞ்சி பெரும்பாலானோருக்குத் தீங்கற்றது. அதிக அளவில் நெஞ்செரிச்சலை உண்டாக்கக்கூடும். வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்பவர்கள், இஞ்சி மாத்திரைகளைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.