சதையடைப்பும் ஒரு மாத்திரையின் வரலாறும்

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்திற்கும் இடையே பேருந்துப் பயணம் அரைமணி நேரந்தான். என் தாய்மாமா தமது அறுபத்தெட்டாம் வயதில் அந்த அரைமணி நேரத்திற்கு அஞ்சத் தொடங்கினார். இராசபாளையத்து நூற்பாலையொன்றில் முப்பது ஆண்டுகள் மூன்று ஷிப்டும் பார்த்தவர். பேருந்தில் ஏறுமுன் ஒருமுறை, இறங்கியவுடன் ஒருமுறை ஒதுங்க இடம் தேடுவார். இரவில் நான்கைந்து முறை விழிப்பு. வெட்கத்தால் ஈராண்டுகள் எவரிடமும் சொல்லவில்லை.

ஒருவழியாக மருத்துவரிடம் சென்றோம். புராஸ்டேட் வீக்கம், புற்றுநோய் அன்று என்று கூறி மாத்திரை எழுதித் தந்தார். வெளியே பெருங்கூட்டம் காத்திருந்தது, விளக்கத்திற்கு நேரமில்லை. முதல் மாத்திரையை விழுங்கிய அன்று பின்னிரவில், கட்டிலை விட்டு விருட்டென்று எழுந்த மாமா தலைசுற்றி விழுந்தார். மறுநாள் அட்டையோடு மாத்திரையைக் குப்பையில் எறிந்துவிட்டார். “ஒண்ணுக்குப் போறதுக்குக் குடுத்த மாத்திரை தலையை ஏன் சுத்தணும் மருமகனே?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்கான விடை அந்த மருந்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

நம் சித்த மரபில் நீரடைப்பு, கல்லடைப்பு, சதையடைப்பு எனப் பெயர்கள் உண்டு. சதை வளர்ந்து வழியை அடைக்கிறது என்பதை ‘சதையடைப்பு’ என்னும் ஒரு சொல்லே உணர்த்திவிடுகிறது. சிறுநீர்ப்பையின் வாயிலில், நீர்த்தாரையைச் சுற்றி அமைந்த சுரப்பி இது. ‘முன்நிற்பவன்’ என்பதே இதன் கிரேக்கப் பெயரின் பொருள். முதுமையில் இது பருத்து வழியை நெருக்குகிறது. 1895இல் ஃபிலடெல்ஃபியாவின் அறுவை மருத்துவர் வில்லியம் வைட் இதற்குக் கண்ட தீர்வு விதையகற்றல்! அதனோடு ஒப்பிட்டால் இன்றைய மாத்திரை எத்துணை எளிது.

மாத்திரைகள் இரு வழிகளில் வந்தன. ஒன்று, தசையின் வழி. இரத்தக் குழாய்களை இறுகச் செய்யும் அதே நரம்புச் செய்திதான் இச்சுரப்பியின் தசையையும் இறுக்குகிறது என்பதை 1975இல் எருசலேமில் மார்கோ கெயினும் அவர் குழுவினரும் வெளிப்படுத்தினர். இரத்தக்கொதிப்புக்காக வந்த பிரசோசின், டெராசோசின் போன்றவை சதையடைப்புக்கும் பயன்பட்டது இவ்வாறே. மாமா விழுந்ததன் காரணமும் இதுவே. குழாய்கள் தளர்ந்திருக்கையில் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் சரியும். படுக்கையில் எழுந்து சற்று அமர்ந்து, பிறகு நிற்க வேண்டும். ஏற்கெனவே கொதிப்பு மாத்திரை உண்பவர் அதனைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். 1990களில் ஜப்பானிலிருந்து வந்த டாம்சுலோசின் இரத்த அழுத்தத்தை அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஆயினும் எச்சரிக்கை தேவை.

மற்றொன்று, சுரப்பின் வழி. டொமினிகன் குடியரசின் சலினாஸ் என்னும் சிற்றூரில், பிறப்பில் பெண்போல் தோன்றிப் பருவத்தில் ஆணாக மாறியவர்களைப் பற்றி 1974இல் ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி எழுதினார். ஒரு நொதிக் குறைவால் அவர்களுக்கு இச்சுரப்பி சிறிதாகவே இருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைடு 1992இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது சதையைச் சுருக்குகிறது, ஆனால் மெல்ல. பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகலாம். ஒரே மாதத்தில் ‘கேட்கவில்லை’ என்று நிறுத்துவோர் பலர். கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடலாகாது என்பதற்கும் சலினாஸ் கதையே விளக்கம். கருவிலிருக்கும் ஆண் குழந்தைக்கு அந்த நொதி வேண்டும்.

2005இல் இன்னோர் உண்மை வெளிவந்தது. டாம்சுலோசின் உண்பவர்க்குக் கண்புரை அறுவையின்போது கருவிழித்திரை தளர்ந்து இடர் தருகிறது. இலவசக் கண் முகாம்களுக்கு முதியோர் வேன்களில் செல்லும் நம் பகுதியில், “இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று கண் மருத்துவரிடம் சொல்லும் ஒரு வாக்கியம் கண்ணைக் காக்கக்கூடும். சளிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகள் நீரை முற்றிலும் அடைத்துவிடும் என்பதும் அறியத்தக்கது.

இவற்றையெல்லாம் தமிழில் எளியவர்க்குச் சொல்ல இயலுமா? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1864இலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனப் பெருநூல்களும் வந்தன. அவர் மாணவர்க்குக் கற்பித்தார். நோயாளிக்குக் கற்பிக்கும் பணியோ நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் எஞ்சி நிற்கிறது. சீட்டில் ‘இரவு ஒன்று’ என்று எழுதுவது கட்டளை. ஏன் என்று சொல்வதே கல்வி.

மாமாவிடம் இந்தக் கதைகளை ஒரு மாலை முழுதும் சொன்னேன். சலினாஸ் கதையை இருமுறை கேட்டார். பின்னர் மருத்துவரிடம் மீண்டும் சென்று, குறைந்த அளவிலிருந்து தொடங்கினார். இப்போது பின்னிரவில் விழித்தால் கட்டில் விளிம்பில் சற்றுநேரம் அமர்ந்திருக்கிறார். அத்தை “என்ன யோசனை?” என்றால், “இரத்தம் மேல ஏறி வரட்டும்” என்கிறாராம்.