முதியோர் வீட்டுத்துணை

முதியோர் வீட்டுத்துணை என்பது வயது முதிர்ந்தோருக்கு அவர்களின் வீட்டிலேயே உறவினர், அக்கம்பக்கத்தார் அல்லது பணியாளர் உடனிருந்து தனிமையையும் மனச்சோர்வையும் தணிப்பதாகும். உணவும் மருந்தும் தரும் பராமரிப்பிலிருந்து இது வேறுபட்டது. பேச்சுக்கு ஆள் இருப்பதே இதன் உயிர்.

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையின் முதன்மை ஊரான செம்மேட்டைச் சுற்றி மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. இளையோர் பிழைப்புக்காக 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்கிவிட்டால், வாசலில் சாமை புடைக்கும் மூதாட்டிக்குப் பக்கத்து வீட்டாரே துணை.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகளும் இயன்முறை, வலிதணிப்புச் சிகிச்சைகளும் வீடு தேடி வருகின்றன. அவ்வருகையில் நலம் விசாரிக்கும் சில நிமிடங்களும் மருந்துக்கு நிகரானவை. மனத்துயரைப் பகிர 14567 என்னும் கட்டணமில்லா முதியோர் உதவி எண் உண்டு.